பந்திக்குப் போகாத ஞானம்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. அன்றைக்குப் பெண்கள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வருவோம். கட்டாயம் ஒன்றும் கிடையாது. ஆனால் வண்ணச் சேலையில் வந்து பாருங்கள், வாசலைத் தாண்டுவதற்குள் நாலு பேர் காரணம் கேட்டுவிடுவார்கள். பீடத்துக்கு முன்னால் இருக்கும் கம்பி ஓரமாக வரிசையாக முழங்கால் போடுவோம். அந்த வரிசைக்குப் பந்தி என்று பெயர். போதகர் அப்பமும் திராட்சை ரசமும் கொடுத்து, ஆசீர்வாதம் சொன்னதும் எழுந்து வர வேண்டும். பிறகு அடுத்த பந்தி போகும்.

இதில் எழுதாத விதி ஒன்று உண்டு. யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் பந்திக்குப் போகக் கூடாது. முதலில் போய்ச் சமாதானம் ஆகிவிட்டு வர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எங்கள் ஜனங்கள் செய்கிற வேலை இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். யார் எழுந்து போகிறார்கள் என்பதை ஒருவரும் கவனிப்பதில்லை. யார் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். வாய் பாடிக்கொண்டிருக்கும், கண் மட்டும் பெஞ்சு பெஞ்சாகப் போய் வரும். அந்த அண்ணன் தம்பிக்குள் இன்னும் பாகப்பிரிவினை முடியவில்லை போல என்று வீட்டுக்குப் போகிற வழியிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும்.

அப்படிப்பட்ட சபையில் ஞானசௌந்தரி ஒன்றரை வருடம் பந்திக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஞானம் கோயிலில் எனக்குப் பக்கத்து இடம். செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் புருஷன் வேதசிரோமணி சபைக்குச் செயலாளர். அறிவிப்பு வாசிக்க மைக்கைப் பிடித்தால் லேசில் விட மாட்டார். ஒரே பையன் எபி. எபியின் மனைவி சுஜி.

சுஜிக்கு அம்மா கிடையாது. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார்கள். ஊரப்பாக்கத்தில் அப்பா லாசரஸ் தனி ஆளாக வளர்த்த பெண். திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். கல்யாணமாகி வந்த புதிதில் ‘அத்தை அத்தை’ என்று ஞானத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேதான் திரிவாள். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் ஸ்கூட்டியில் மார்க்கெட்டுக்குப் போவார்கள். பின்னால் உட்கார்ந்து ஞானம் ‘மெதுவா போடி’ என்று கத்துவது எங்கள் தெரு வரை கேட்கும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். என் மருமகள் என்னோடு பேசுவது வாட்ஸப்பில் மட்டும்தான்.

சுஜிக்கு ஐந்தாவது மாதத்தில் குழந்தை தங்காமல் போனது. தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எல்லாம் முடிந்து சாயங்காலம் வார்டுக்குக் கொண்டுவந்து விட்டபோது, சுஜி ஞானத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க இருங்க அத்தை. போயிடாதீங்க.”

“நான் எங்கம்மா போகப்போறேன். ராத்திரி முழுக்க இங்கதான் உக்காந்திருப்பேன்.”

அப்படிச் சொன்னவள் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டாள். நடந்தது இதுதான். சுஜியைப் பாத்ரூமுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கட்டிலில் ஏற்றும்போது, அவள் பாரம் முழுவதும் ஞானத்தின் மேல் சாய்ந்தது. ஞானம் மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கிய நேரத்தில் அவளுக்குச் சிறுநீர் போய்விட்டது. ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை. பாவாடை நனைந்து கால் வழியாக இறங்கியது.

அதற்கு முன்னால் இல்லாமல் இல்லை. சில வருடமாகவே இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் கொஞ்சம் கசியும். பேடு வைத்துச் சமாளித்து வந்தாள். அன்றைக்குப் பதறிப்போய் ஓடி வந்ததில் அதுவும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள். வாடை வரும் என்று பயந்தாள். “எபி இருப்பான் சுஜி. எனக்கு வீட்ல வேலை இருக்கு” என்று சொல்லி, பையால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். சுஜியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

வீட்டில் வேலை இருக்கிறதாம். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கிடக்கிறவளிடம் சொல்கிற காரணமா அது? நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனால் வேறு எதைச் சொல்ல அவளுக்குத் தெரியும்? இடுப்புக்குக் கீழே நமக்கு என்ன ஆனாலும் அதை வாயால் சொல்ல யாரும் நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. வெட்கப்படத்தான் கற்றுக்கொடுத்தார்கள், அதை நாம் நன்றாகவே படித்தோம்.

அடுத்த மாதத் திருவிருந்தில் முழங்கால் போட்டு எழும்போது அவளுக்கு மறுபடியும் அதே மாதிரி ஆனது. கட்டியிருந்ததோ வெள்ளைச் சேலை, பின்னால் சபை முழுவதும் உட்கார்ந்திருந்தது. முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாக வீட்டுக்கே போய்விட்டாள். அத்தோடு பந்திக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

இனி சுஜியின் இடத்தில் இருந்து பாருங்கள். அவள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாள் முதல் அத்தை ஸ்கூட்டியில் ஏறவில்லை. பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்று ஞானத்துக்குப் பயம். “நீ மட்டும் போயிட்டு வா” என்பாள். அத்தை தன் துணிகளை மெஷினில் போட விடவில்லை. “என்னுதை நான் தனியா அலசிக்கறேன், நீ தொடாதே” என்றாள். தண்ணீர் குடித்தால்தானே வரும் என்று ஞானம் தண்ணீரைக் குறைத்தாள், காபியை விட்டாள். சுஜி ஆசையாகப் போட்டுக் கொண்டுவந்த காபி மேஜையிலேயே ஆறிப்போனது. சுஜி வீட்டில் சீராகக் கொடுத்த சோபாவில் அத்தை உட்காருவதை நிறுத்தி, பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போய்விட்டாள். இதற்கெல்லாம் மேலே பந்தி.

இதற்குச் சுஜியிடம் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. மாசமாக இருக்கும்போது ஸ்கூட்டியில் வேலைக்குப் போக வேண்டாம் என்று ஞானம் ஒரு தடவை சொல்லியிருந்தாள். சுஜி கேட்கவில்லை. குழந்தை போனதற்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் சுமந்த வயிறு டாக்டர் பேச்சைக் கேட்குமா? அத்தை தன்னைத்தான் குற்றவாளி என்று நினைக்கிறாள், மன்னிக்க முடியாமல்தான் பந்தியில் சேராமல் இருக்கிறாள் என்று அந்தப் பெண் முடிவு கட்டிக்கொண்டாள்.

அவள் கேட்காமலும் இல்லை.

“அத்தை, என்மேல எதாவது கோபமா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. முட்டி வலி. மண்டி போட முடியல.”

வேதசிரோமணியும் சபையில் கேட்டவர்களுக்கெல்லாம் இதே முட்டி வலியைத்தான் சொன்னார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிற மனிதருக்குத் தெரிந்தது முட்டி வலி. ஆனால் முட்டி வலிக்காரி துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவதைச் சுஜி தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த நேரத்தில் சபையில் ஒரு பெரிய மனுஷி, பேர் வேண்டாம், சுஜியைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க அத்தைகிட்ட மன்னிப்பு கேட்டுடும்மா. உன்னால அவங்க ஆத்துமா ஏன் பட்டினி கெடக்கணும்?” என்று புத்தி சொல்லியிருக்கிறாள். சுஜி அதையும் செய்தாள். ஞாயிறு காலை, கோயிலுக்குக் கிளம்புகிற நேரம். ஞானம் அறையிலிருந்து வேகமாக வெளியே வந்தாள். அப்போது அவளுக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்துவிட்டிருந்தது. வருகிறது என்று தோன்றினால் அடக்கவே முடியாது, அந்த நிமிஷமே ஓட வேண்டும். அப்படி ஓடுகிறவளைச் சுஜி வழியில் மறித்து, கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

“தப்பு என்மேலதான் அத்தை. மன்னிச்சிருங்க.”

ஞானம் அவளை விலக்கிவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு, நனைந்த சேலையோடு நின்று அழுதிருக்கிறாள். வெளியே நின்றவளுக்குக் கேட்டது கதவு சாத்திய சத்தமும் தண்ணீர் சத்தமும்தான். ஞானம் சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது சுஜி அங்கே இல்லை.

அந்த மாதமே எபியும் சுஜியும் ஊரப்பாக்கத்துக்கு லாசரஸ் வீட்டு மாடிக்குக் குடி போய்விட்டார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். இந்தக் குடும்பத்தில் எல்லாரிடமும் ஒரு காரணம் தயாராக இருந்தது. சாமான் வண்டி போன பிறகு ஞானம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். போய்ப் பேச நினைத்தேன். என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

எபி மட்டும் அவ்வப்போது வந்து போவான். சுஜி வரவில்லை. ஞானம் இளைத்துப்போனாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பாள், அதற்கு மேல் பேச்சு வளராது. அவள் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான், சுஜி திரும்பி வர வேண்டும். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதை வாயில் கொண்டுவரத்தான் முடியவில்லை.

இப்படியே ஒரு வருடம் தாண்டியது. எங்கள் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை டாக்டர் ஈவ்லின் பேச வந்தார். பெண்கள் வைத்தியர், வேறு சபையைச் சேர்ந்தவர், நல்ல குண்டு, நல்ல குரல். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்தார்.

“உபவாசக் கூட்டத்துல செய்வாங்கல்ல, அதே மாதிரி செய்வோம். எல்லாரும் தலையைக் குனிஞ்சு கண்ணை மூடுங்க. யாரும் யாரையும் பாக்கக் கூடாது. இருமும்போது, சிரிக்கும்போது, மண்டி போட்டு எழும்போது யூரின் கசியுதா? இல்ல, அவசரம் வந்தா பாத்ரூம் போறதுக்குள்ள போயிடுதா? அப்படி இருக்கறவங்க கையைத் தூக்குங்க.”

நான் தூக்கினேன். நான் அந்த இரண்டாவது ரகம், எனக்கு என்ன வெட்கம். தூக்கிய என் கை பக்கத்தில் இருந்த இன்னொரு கையில் இடித்தது. கண்ணைத் திறக்காமலே தெரிந்தது, அது ஞானத்தின் கை. நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

“இறக்கிடுங்க” என்றார் டாக்டர். “எத்தனை பேர்னு நான் சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல. இப்ப கண்ணைத் திறந்து நிமிர்ந்து உக்காருங்க.”

பிறகு விளக்கினார். மூத்திரப் பையையும் கர்ப்பப் பையையும் கீழிருந்து தாங்குகிற தசை ஒன்று இருக்கிறது. பிரசவத்தாலும், மாதவிலக்கு நின்ற பிறகும், உடம்பு கனத்தாலும், வருடக் கணக்கான மலச்சிக்கலாலும் அது தளர்ந்துபோகும். அதற்குப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு மறுபடி வலுவாகும். தண்ணீரைக் குறைப்பதுதான் நாம் செய்கிற பெரிய தப்பு. மூத்திரம் கெட்டியாகிப் பையை உறுத்தும், அவசரம் இன்னும் அதிகமாகும். பயிற்சி போதாதவர்களுக்கு மாத்திரை இருக்கிறது, உள்ளே பொருத்துகிற வளையம் இருக்கிறது, ஆபரேஷனும் இருக்கிறது. “வயசானா இப்படித்தான்னு உங்ககிட்ட யார் சொன்னாலும் நம்பாதீங்க. வைத்தியம் இருக்கு” என்றார்.

கூட்டம் முடிந்ததும் ஞானம் என்னைக் கோயிலுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். இவ்வளவு நேரம் நான் சொன்னதையெல்லாம் அங்கே நின்றுதான் அவள் எனக்குச் சொன்னாள். அழுது அழுது சொன்னாள். எனக்கும் அழுகை வந்தது. அவளை ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது.

“முதல்ல சுஜிகிட்ட போய்ச் சொல்லு ஞானம். இன்னைக்கே சொல்லு” என்றேன்.

“இப்ப போய் என்னன்னு சொல்றது அக்கா? அங்க போய் நின்னு பேசும்போதே எனக்கு ஆயிட்டா? முதல்ல சரியாகட்டும். பந்திக்குப் போயிட்டு, அதே வெள்ளைச் சேலையோட போய் அவ முன்னாடி நிக்கறேன். அப்பதான் நம்புவா.”

“அது வரைக்கும் அந்தப் பொண்ணு என்ன நெனச்சுக்கிட்டு இருக்கும்?”

“கொஞ்ச நாள்தானே அக்கா.”

நானும் விட்டுவிட்டேன். அது அவள் குடும்ப விஷயம், அவள்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் ஈவ்லினிடம் சேர்ந்தே போனோம். சிறுநீரையும் சர்க்கரையையும் சோதித்தார்கள். படுக்கவைத்து இருமச் சொல்லிப் பார்த்தார்கள். ஞானத்துக்கு இரண்டு ரகமும் கலந்து இருந்தது. பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண், தமிழினி என்று பேர், பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். காற்றையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குகிற மாதிரி உள்ளே இறுக்கித் தூக்க வேண்டும். கொஞ்ச நேரம் பிடித்து, முழுசாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. இருமல் வந்தால், எழுந்திருக்க வேண்டியிருந்தால், அதற்கு முன்னாலேயே ஒரு தடவை இறுக்கிக்கொள்ள வேண்டும். அவசரம் வந்தால் ஓடக் கூடாது. நின்று, இறுக்கி, அது தணிந்த பிறகு மெல்ல நடந்து போக வேண்டும். மூணு மாசமாவது விடாம செய்யணும் ஆன்ட்டி என்றாள்.

ஞானம் கணக்கு டீச்சர் ஆயிற்றே, ஒரு வேளை விடவில்லை. பால் காய்ச்சும்போது செய்வாள், பிரசங்கத்தின் நடுவில் செய்வாள். அவள் முகம் திடீரென்று கடுமையாவதைப் பார்த்து நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். முதல் மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இரண்டாவது மாதம் தும்மிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை என்று தலையை ஆட்டினாள். தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். முகத்தில் களை வந்தது. எங்கள் தெரு வரை மறுபடி அவள் சத்தம் கேட்டது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், கடுமையான ஜலதோஷம் பிடித்தால் ஒரு சொட்டு வரும். அவ்வளவுதான்.

போன முதல் ஞாயிறு ஞானம் பந்திக்குப் போனாள். நான் பக்கத்திலேயே முழங்கால் போட்டேன். எழும்போது அவள் என் தோளைக்கூடப் பிடிக்கவில்லை. திரும்பி வந்து இடத்தில் உட்கார்ந்ததும், “அக்கா, காய்ஞ்சு இருக்கு” என்று என் காதில் சொன்னாள். சபை முழுவதும் எங்களைத்தான் பார்த்தது. வேதசிரோமணி அறிவிப்பை வாசித்துவிட்டு அன்றைக்குச் சீக்கிரமே மைக்கை விட்டுவிட்டார். மாமியார் மருமகள் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று அன்றைக்குத் தாம்பரம் வரை பேச்சு போயிருக்கும்.

ஆராதனை முடிந்ததும் அப்படியே கிளம்பினோம். எங்கள் பக்கத்து ஆட்டோக்காரர் சிட்டிபாபு, “ஊரப்பாக்கமா? ஜிஎஸ்டி ரோடு ஃபுல்லா ஜாமா கீதும்மா. ஸ்டேஷன்ல வுட்டுர்றேன், ட்ரெயின்ல போய்டுங்க” என்றார். தாம்பரத்தில் ரயில் ஏறினோம். வழி முழுவதும் ஞானம், சுஜியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று என்னிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எபி அன்று ஷிப்டில் இருந்தான். லாசரஸ் கதவைத் திறந்து மாடியைக் காட்டினார்.

சுஜி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ரொம்ப வெளுத்திருந்தாள். ஞானம் உட்காரக்கூட இல்லை. ரயிலில் ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆரம்பித்து, துணி, காபி, சோபா, ஸ்கூட்டி, சாத்திய கதவு வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சிறுநீர் என்ற வார்த்தையை அவள் அவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சுஜிக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“அப்ப என்மேல கோபமே இல்லயா அத்தை?”

“உன்மேல எனக்கு எதுக்கும்மா கோபம்? நீ என் பொண்ணு.”

சுஜி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “போன மாசம் இன்னொண்ணும் போச்சு அத்தை” என்றாள். “நாலாவது மாசம். எபி உங்களுக்கு ஃபோன் பண்றேன்னுதான் சொன்னான். நான்தான் வேணாம்னேன்.”

ஞானம் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“கோபமா இருக்கறவங்க வந்து பக்கத்துல நிக்க வேணாம்னு நெனச்சேன். இந்தத் தடவை சேந்தது வேற ஆஸ்பத்திரி, பொம்பளைங்க வார்டு, எபியை ராத்திரி உள்ள விடல. அப்பாவால முடியாது. தனியாத்தான் கெடந்தேன்.”

ஞானம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். சுஜி தள்ளிவிடவில்லை. அவள் தலையில் கையை வைத்திருந்தாள். ஆனால் அழவில்லை.

“நான் ரெண்டு நாள் இங்க இருக்கட்டுமா சுஜி?”

“இன்னைக்கு வேணாம் அத்தை. நீங்க சொன்னதை நம்பறேன். உங்க மேல கோபம் இல்ல. ஆனா இப்ப என்னால யார்கூடயும் இருக்க முடியல.” அவள் அதைத் தன்மையாகத்தான் சொன்னாள். எங்களைக் கேட் வரை கொண்டுவந்துவிட்டு, நாங்கள் தெரு திரும்புவதற்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டாள்.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். ஞானம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ரயில் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் எழுந்திருக்கவில்லை.

“போன மாசம் எனக்கு முக்கால்வாசி சரியாயிடுச்சு அக்கா,” என்றாள். “ராத்திரி முழுக்க உக்காந்திருப்பேன்.”